பதினோரு மாதம்மாக்கள்

என் கணவர் அரசாங்கத்துக்குப் போனது ஒரு காலண்டரால். அவர் உயிரோடு இருந்தவரை இதை நான் வெளியில் சொன்னதில்லை. யாராவது கேட்டால், நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் தனக்கு நெடுநாளாக இருந்ததாகத் தொடங்கிவிடுவார். காப்பி கொண்டுவருகிற சாக்கில் நான் உள்ளே போய்விடுவேன். திரும்பி வரும்போதும் அவர் நாட்டிலேயேதான் இருப்பார்.

மைசூர் அக்ரஹாரத்தில், பூஜைச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் கம்பெனி இருந்தது. பெயர் ஜே.எஸ். சிஸ்டம்ஸ். ஐந்து கம்ப்யூட்டர், ஆறு பேர் வேலைக்கு. கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவுப் பட்டியல், அரிசி மில்களுக்குச் சம்பளச் சீட்டு என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தோம். ஜே.எஸ். என்பது அவர் பெயர், ஜே. சிவகுமார். அந்த ஜே என்னுடைய மாமனார் பெயரின் முதலெழுத்து என்றுதான் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். மாமனார் பெயர் மாதையன். ஜே என்றால் ஜடையன். அது இவருக்கே பிறந்தபோது வைத்த பெயர். கொள்ளேகால் விடுதியில் சேர்க்கப் போனபோது, வகுப்பில் ஏற்கெனவே நான்கு ஜடையன் இருக்கிறார்கள், ஐந்தாவதை எப்படிக் கூப்பிடுவது என்று வாத்தியார் அலுத்துக்கொண்டு சிவகுமார் என்று எழுதிவிட்டாராம். பழைய பெயர் இனிஷியலாக ஒதுங்கிக்கொண்டது. இதை ஒரு வேடிக்கை மாதிரிதான் என்னிடம் சொன்னார். நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். மறந்தது நான் மட்டும் அல்ல என்பது பிறகு தெரிந்தது.

காலண்டருக்கு வருகிறேன். மைசூரில் ஊதுபத்திக் கம்பெனி ஒன்று ஒவ்வொரு டிசம்பரிலும் தென்னாடு முழுக்க உள்ள கடைகளுக்குச் சாமி படம் போட்ட காலண்டர் அனுப்பும். ஒரே கடைக்காரருக்கு இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்தது. இவர் ஒரு புரோகிராம் எழுதினார். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே ஊர் என்று இருந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடும். அந்த வருஷம் நாலாயிரம் காலண்டர் மிஞ்சியது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். மிஞ்சியதில் நாற்பதை எங்களுக்கே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் குளியலறையில்கூட மகாலட்சுமி இருந்தாள்.

அந்தக் கம்பெனி விழாவுக்கு வந்திருந்த மாவட்டப் பெரிய அதிகாரி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டார். ரேஷன் அட்டைகளிலும் போலி நிறைய இருக்கிறது, இதுவும் காலண்டர் மாதிரிதானே என்றார். இவர் ஆமாம் என்றார். அந்த ஒரு ஆமாமுக்கு நாங்கள் எல்லோரும் ஆறு மாதம் வேலை செய்தோம்.

தொண்ணூற்றைந்து ஜூன் மாதம் ரேஷன் அட்டைகளைச் சீர்செய்ய ஒரு புதுப் பிரிவு தொடங்கி, இவரைச் சிறப்பு அலுவலர் என்று இரண்டு வருஷத்துக்கு நியமித்தார்கள். கம்பெனியை என் கையில் கொடுத்தார். அரசாங்கம் மெதுவாக நடப்பதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களுக்கு யாரும் தேதி கொடுப்பதில்லை என்பதுதான், தான் தேதி கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, புதுச் சட்டையோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். முதல் மூன்று வாரம் அவருக்கு நாற்காலி வரவில்லை.

நாற்காலி கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு கொடுத்தபோது, சிறப்பு அலுவலருக்குக் கை வைத்த நாற்காலியா கை வைக்காத நாற்காலியா என்று மேலே கேட்டு எழுதியிருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு முதல் நாளே குளிர்சாதன அறை கொடுத்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மானிட்டர் நெற்றியில் விபூதி, குங்குமம். சிறப்பு அலுவலருக்கு ஃபேன்கூட இல்லாத வராந்தா. கடைசியில் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு இவர் இயந்திரத்தின் அறைக்கே குடிபோய்விட்டார். ஜூன் மாதத்தில் வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் சில்லென்று இருக்கும்.

அங்கே இவருக்கு வாய்த்த தலைமை குமாஸ்தா நஞ்சுண்டசாமி. நஞ்சன்கூடுக்காரர், இவர் வயதுதான் இருக்கும். கொள்ளேகாலில் எட்டு வருஷம் வேலை பார்த்ததால் கன்னடம் கலந்த ஒரு தமிழ் பேசுவார். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். விஷயம் முன்பக்கம் இருக்கும், விதி பின்பக்கம் எழுதப்படும் என்பது அவர் கொள்கை. இவர் தினமும் வீட்டுக்கு வந்து நஞ்சுண்டசாமியைத் திட்டுவார். அக்டோபரில் பார்த்தால் தானும் தபால் உறைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளும் அரசாங்கம் வந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான்கு நாள் சொன்னேன். எதையும் எழுதிக் கொடுத்தால்தான் நினைவிருக்கும் என்றார். ஒரு முழு வெள்ளைத் தாளில், பொருள்: சமையலறைக் குழாய் ஒழுகுதல், பார்வை: தங்களிடம் நான்கு முறை வாய்மொழியாகக் கூறியது என்று எழுதி, கீழ்ப்படிதலுள்ள சுலோசனா என்று கையெழுத்திட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சிரிக்கவே இல்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதித் தேதி போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. குழாயும் இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.

முதல் சோதனையை எந்தக் கிராமங்களில் செய்வது என்று பேச்சு வந்தபோது, கொள்ளேகால் தாலுக்காவின் மலையோர ஊர்களை இவரே கேட்டு வாங்கினார். அப்போது அதெல்லாம் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தன்னுடைய ஊரான கௌதள்ளியும் அதில் வரும் என்பதுதான் காரணம். ஊருக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்ற பெருமை. பெயர்களைப் பதிந்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. போலிகளைப் பிடிக்க அந்தக் காலண்டர் புரோகிராமுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. முந்நூற்று எண்பத்தேழு போலிகள்.

பெரிய அதிகாரி மேடை போட்டுப் பாராட்டினார். சால்வை, சந்தன மாலை, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. பத்திரிகையில் படம் வந்தது. பேட்டா அளவு சிறியது, படத்தில் இவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது வணக்கம் சொல்வது மாதிரி விழுந்திருந்தது. ஜனவரி முதல் தேதியிலிருந்து போலி அட்டைகளுக்கு அரிசி, மண்ணெண்ணெய் கிடையாது என்று, அந்த அட்டைகளின் எண்களோடு அறிவிப்பு அச்சடித்து ஊர் ஊராக ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம் கேட்டது. இவருடைய அக்கா மாதம்மா. கௌதள்ளியில் இரண்டு ஏக்கரில் ராகி போட்டுக்கொண்டு தனியாக இருந்தவள். கணவர் சித்தையன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவளை நான் அந்தப் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். போலிக்கெல்லாம் காப்பி கொடுப்பாயா அம்மிணி என்று கேட்டுவிட்டு, அவரைக்காயை என் மேஜைமேல் கொட்டி உரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு விஷயம் புரியவில்லை. இவருக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்டாள்.

“செவுத்துல ஒட்டியிருக்காங்கடா, நான் போலியாமா. நான் போலின்னா நீ ஆருக்குத் தம்பி?”

இவர் சிரித்துக்கொண்டேதான் விளக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு மட்டும் ஏதோ தவறு நடந்திருக்கும், ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. பையில் இருந்த பிளாப்பியைப் போட்டுப் பெயரைத் தட்டினார். பச்சை எழுத்தில் வரிசையாக வந்தது. மாதம்மா, கணவர் சித்தையன், கௌதள்ளி. மாதம்மா, கணவர் சித்தையன், கௌதள்ளி. பதினோரு தடவை. முதலாவதை வைத்துக்கொண்டு பத்தை அடித்திருந்தது.

அந்த முதலாவது யார் என்று நங்கையா கேட்டாள். வயது எழுபத்தெட்டு, வீட்டில் தனி ஆள் என்று இவர் படித்தார். அவள் உரித்த அவரைக்காயைக் கீழே வைத்தாள். அது வட்டக்கிணற்று மாதம்மா, ஆடி மாதமே செத்துப்போனவள் என்றாள். பத்து உயிரோடு இருக்கும் மாதம்மாக்களைப் போலி என்று எழுதிவிட்டு, செத்தவளுக்குக் கம்ப்யூட்டர் அரிசி எடுத்து வைத்திருந்தது.

இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளை வேண்டிக்கொள்வதும் அங்கேதான், பெயர் வைப்பதும் அந்தச் சாமியையொட்டித்தான். மாதையன், மாதம்மா, ஜடையன், சித்தையன், கெம்பையன் என்று ஐந்தாறு பெயருக்குள் ஊரே அடங்கிவிடும். வேறு பெயர் வைத்தால் வேண்டுதலை மீறிய மாதிரி. அதனால் அங்கே யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பெயருக்கு முன்னால் ஊரே ஒரு பட்டப்பெயரைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த ஒன்றுதான் ஆளுக்கு ஆள் வேறு. அரசாங்கப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. மலையோரத்தில் கதவு எண்ணும் கிடையாது.

வாய் சும்மா இருக்காமல் நான்தான் கேட்டேன். “ஏங்க, உங்களுக்கு சிவகுமார்னு பேர் மாத்தினதே இதனாலதானே?”

அவர் திரும்பி, ஜடையன் என்று தட்டினார். திரையிலிருந்த ஜடையன்களை எண்ணினார். கௌதள்ளியில் மட்டும் இருபத்தொன்பது பேர்.

மழை பொய்த்த வருஷம் அது. ராகி பாதிகூட வரவில்லை. முதல் தேதி அரிசி நின்றால் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளில் அடுப்புக்கு வழியில்லை என்பதை நங்கையா கத்திச் சொல்லவில்லை. அவரைக்காயை உரித்தபடியே ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் சரிசெய்கிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார். செய்யவில்லையென்றால் பத்து மாதம்மாவையும் கூட்டிவந்து இந்த மாடிப்படியில் உட்காருவேன், சுலோசனா சமைத்துப் போடட்டும் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இவர் பெரிய அதிகாரியிடம் போய், தான் தப்புச் செய்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் கம்பெனியில் அது சாதாரணம். தப்பை ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்று பையன்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தவர். பெரிய அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னாராம். பத்திரிகையில் வந்துவிட்டது, பெங்களூருக்கும் எழுதியாகிவிட்டது, போலி இல்லை என்று இனிமேல் எழுத முடியாது என்றாராம். அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் தப்பு நடந்ததாக எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது.

இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ராஜினாமா எழுதித் தருகிறேன் என்றார். கம்பெனியில் இரண்டு அரிசி மில்கள் இவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. அதனால் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் தான் போனால் பட்டியல் அப்படியே நிற்கும், சரிசெய்ய ஆள் இருக்காது என்று அவரே பிறகு மனசை மாற்றிக்கொண்டார். படிவத்தில் ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லி, அதற்கு ஒரு குறிப்பு எழுதி நஞ்சுண்டசாமியிடம் கொடுத்தார். அவர் வழக்கம்போல் அதன் முதுகைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நோடி சார், புதுக் கட்டம் கேட்டா பெங்களூர் போய் வர ரெண்டு வருஷம். ஷரா கட்டம் இருபது வருஷமா காலியா இருக்கு. அதுல என்ன எழுதினாலும் யாரும் கேக்கறதில்லை.”

ஷரா என்பது கன்னடப் படிவங்களில் கடைசியாக இருக்கும் கட்டம். தமிழ்ப் படிவங்களில் ‘குறிப்பு’ என்று இருப்பது. எதை எழுதுவதற்கென்று யாருக்கும் தெரியாமல், ஆனால் எந்தப் படிவத்திலும் விடாமல் அச்சடித்து வருவது. அந்தக் கட்டத்தில் ஊர் வைத்த பெயரை எழுதிவிட்டால், அதையும் சேர்த்து ஒப்பிடும்படி புரோகிராமில் இரண்டு வரி மாற்றினால் போதும். இதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்தால் முதல் கட்டம் தப்பு என்று ஆகாது என்பதும் நஞ்சுண்டசாமி யோசனைதான். பெரிய அதிகாரி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தில் ஒரே நாளில் நடந்த வேலை என்று இவர் வாழ்நாளில் பார்த்தது அது ஒன்றுதான்.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கௌதள்ளிக்குப் போனோம். நங்கையாவைப் பார்த்து நாளாகிறது என்று நானும் ஏறிக்கொண்டேன். ரேஷன் கடை வாசலில் மேஜை போட்டு நஞ்சுண்டசாமி படிவங்களோடு உட்கார்ந்தார். கடைக்காரர் கெம்பையன் எல்லோருக்கும் டீ சொன்னார். ஊர் முழுக்க வந்திருந்தது. வந்து தூர நின்றுகொண்டது.

முதலில் ஒரு சித்தையன் வந்தார். ஊரில் உங்களை என்னவென்று சொல்லுவார்கள் என்று நஞ்சுண்டசாமி கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க, சித்தையன் என்பார்கள், அவ்வளவுதான் என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். அந்தப் பெயர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதற்கானவை. முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும். தன் பெயரைத் தானே சொல்லி, அதைக் கன்னடத்தில் எழுதி, முத்திரை குத்தி வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும். பதினொரு மணிவரை ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை.

இவர் மேஜைமேல் கையூன்றி எழுந்து ஒரு சொற்பொழிவு செய்தார். தனித்த அடையாளம், தகவல் துல்லியம் என்றெல்லாம் வந்தது. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குப் போய் இங்கிலீஷில் முடித்தார். ஊர் மரியாதையாகக் கேட்டது. கெம்பையன் இன்னொரு சுற்று டீ சொன்னார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நங்கையாவின் குரல் வந்தது.

“தம்பி, மொதல்ல உன்னோடதச் சொல்லு.”

சிவகுமார் என்றார் இவர்.

“அது வாத்தியார் வெச்சதுடா. ஊரு வெச்சதச் சொல்லு.”

பாங்கு மானேஜர்களுக்கும் வருமானவரிக்காரர்களுக்கும் முன்னால் இவரைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி முகத்தை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார், ஜீப் டிரைவரைப் பார்த்தார், நஞ்சுண்டசாமியைப் பார்த்தார். நஞ்சுண்டசாமி பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெயர் வந்த கதையை நங்கையாவே சொன்னாள். இவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது மலைக்குத் தீபாவளித் தேருக்குப் போயிருக்கிறார்கள். கூட்டத்தில் இவர் தொலைந்துபோனார். போலீஸ்காரர் மேடைமேல் நிறுத்தி, கௌதள்ளி ஜடையன், ஆறு வயது, அப்பா பெயர் மாதையன் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். ஒன்பது மாதையன்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்களாம். அதில் நான்கு பேருடைய ஜடையன்கள் அவரவர் தோள்மேலேயே இருந்தார்கள். இவருடைய அப்பா பத்தாவதாகத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் பையன் இறங்க மாட்டேன் என்றானாம். தன் பெயர் மலை முழுக்கக் கேட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொரு தடவை சொன்னால்தான் வருவேன் என்று அந்தப் போலீஸ்காரரின் காலைப் பிடித்துக்கொண்டானாம். அவர் மறுபடி சொல்ல, மறுபடியும் நான்கு மாதையன்கள் ஓடிவந்தார்களாம்.

ஊர் இந்தக் கதையை நூறு தடவை கேட்டதுதான். இருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

“மைக்கு ஜடையன்” என்றார் இவர், தரையைப் பார்த்து.

“கேக்கலீங்க” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

இவர் நிமிர்ந்தார். பேட்டா கட்டி நின்றபோதுகூட அவ்வளவு நேராக நிற்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னார். நஞ்சுண்டசாமி எழுதிக்கொண்டார். இது கௌதள்ளிப் படிவக் கட்டு, நான் மைசூர் அட்டை, அதனால் எழுத வேண்டியதில்லை என்று இவர் மெல்லச் சொன்னது நங்கையா காதில் விழுந்துவிட்டது. மைசூர் அட்டையிலும் அது ஏற வேண்டும், இல்லையென்றால் இங்கே ஒருத்தரும் வரிசையில் நிற்க மாட்டோம் என்றாள். இவர் சரி என்றார்.

அதற்குப் பிறகு நஞ்சுண்டசாமிக்குக் கை வலித்துவிட்டது. பம்ப்செட்டு, பாதி மீசை, ரெட்டைச் சுழி, புளியமரம், லீவு, பட்டாளம் என்று வந்துகொண்டே இருந்தது. தன்னுடையதைச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லி உதவினார்கள். இரண்டு இடத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் கடைக் கெம்பையன் தன்னை வெறுமனே கடைக்காரர் என்று போடச் சொன்னார். ஊர் ஒரே குரலில் அரைப்படி என்றது. அரிசி அளப்பதில் அவருக்கு இருந்த பெயர் அது. அவர் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நங்கையாவின் முறை வந்தது. எனக்கு அப்படி எதுவும் கிடையாது, வேண்டுமானால் நல்ல மாதம்மா என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கோர்ட்டு மாதம்மா என்று நாலு பக்கமும் குரல் வந்தது. பங்காளியோடு ஒரு வரப்புக்காக ஒன்பது வருஷம் கொள்ளேகால் கோர்ட்டுக்கு நடந்தவள். நஞ்சுண்டசாமி தலை நிமிராமல் கோர்ட்டு என்று எழுதினார்.

“அந்தக் கேசு நான் ஜெயிச்சதுங்க. அதையும் சேத்து எழுதுங்க” என்றாள் நங்கையா.

கட்டத்தில் இடம் இல்லை என்றார் நஞ்சுண்டசாமி.

அடுத்த வாரம் மற்ற ஊர்களும் முடிந்தன. கௌதள்ளிக் கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்ததால், ஒவ்வொரு ஊரிலும் முதலில் மைக்கு ஜடையனைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். இவர் ஒவ்வொரு ஊரிலும் அதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். கடைசியில் முந்நூற்று எண்பத்தேழு போலிகளில் முந்நூற்று எழுபத்துமூன்று பேர் உண்மையான ஆட்கள் என்று ஆயிற்று. இந்தப் பக்கம் வட்டக்கிணற்று மாதம்மாவின் அட்டையும் அடிபட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் வெற்றிக்குப் பெரிய அதிகாரியின் படம் பத்திரிகையில் வந்தது. இந்தத் தடவை பேட்டா அவருக்கு.

ஜனவரி இரண்டாம் தேதி எஸ்.டி.டி. பூத்திலிருந்து நங்கையா போன் செய்தாள். அரிசி வந்துவிட்டதாம். அரைப்படி என்று கவர்ன்மெண்டே எழுதிக் கொடுத்த பிறகு கெம்பையன் முழுசாக அளக்கிறான், போகிற போக்கைப் பார்த்தால் அவனுக்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும் என்றாள். இவர் போனை வைத்தார். பிறகு பசிக்கிறது என்றார்.

மீதிக் காலத்தையும் இவர் அங்கேயே முடித்தார். தொண்ணூற்றேழில் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது அந்த ஊர்களெல்லாம் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போயின. மைக்கும் பம்ப்செட்டும் கோர்ட்டும் பன்னிரண்டு பிளாப்பியில் ஏறி ஜீப்பில் போவதை இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பினார். வந்தவர் பையன்களிடம் லீவுக்கு எழுத்துமூலம் மனுக் கேட்டார். நான் அவரிடமே ஒரு மனு கொடுத்து அதை நிறுத்தினேன். அடுத்த வருஷம் ஆனி மாதம், காலையில் கம்பெனி மாடிப்படி ஏறும்போது ஆறாவது படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ரேஷன் அட்டையில் பெயர் எடுக்கப் போனேன். நஞ்சுண்டசாமி வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். ஜன்னலில் ஒரு சின்னப் பெண். இறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், அதன் முதுகையும் திருப்பிப் பார்த்தாள். அவள் யாரிடம் வேலை கற்றிருப்பாள் என்று தெரிந்தது. ஜே. சிவகுமார் என்பதன்மேல் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு இழுத்தாள். அவள் விரல் அடுத்து ஷரா கட்டத்துக்குப் போயிற்று. எழுத்துக் கூட்டிப் படித்தாள். மைக்கு ஜடையன்.

இது யார் மேடம் என்று கன்னடத்தில் கேட்டாள். அவர்தான் என்றேன். பின்னால் இருந்த பெரியவரிடம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். பெயரை எடுக்கத்தான் படிவம் இருக்கிறதாம். ஷராவை எடுக்கப் படிவம் கிடையாதாம். வேண்டுமானால் தனியாக எழுதிக் கொடுங்கள், பெங்களூருக்கு அனுப்பிக் கேட்கிறோம், நாளாகும் என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெரு ரேஷன் கடையில் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். என் அட்டையில் முதல் வரியில் கோடு விழுந்திருப்பதால் கடைக்காரர் கடைசிக் கட்டத்தைத்தான் படிக்கிறார். அக்ரஹாரம் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. எண்ணெய் டின்னோடு நான் முன்னால்தான் நிற்பேன். முதல் தடவை கூப்பிட்டதும் போக மாட்டேன். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருப்பேன்.